இழுத்தால் வராதது



எழுத்து, இலக்கணம், வாசிப்பு, பாடநூல் ஆகியவற்றைப் பற்றியே பெரும்பாலும் எழுதி வரும் நான், இன்று பழைய பிக்காப் வண்டி ஒன்றிலிருந்து இயந்திரத்தைக் கழற்றிய கதையை எழுதுகிறேன். தமிழாசிரியனுக்கும் இயந்திரத்திற்கும் என்ன தொடர்பு என்று சிலர் வினவக்கூடும். தொடர்பு உண்டு. கடந்த பள்ளி விடுமுறையில் மூன்று நாள்கள் என் அண்ணனுடைய பட்டறையில் எடுபிடியாக வேலை செய்தேன். அங்கே கற்றுக்கொண்டதை, பள்ளி திறந்ததும் என் வகுப்பறையில் பயன்படுத்தினேன். அதனைப் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பட்டறையில் வழங்கும் சொற்கள் பெரும்பாலும் ஆங்கிலமும் மலாயும் கலந்தவை. அவற்றிற்குத் தூய தமிழ்ச் சொற்களை நான் இங்கே வலிந்து புகுத்தவில்லை. போல்ட்டைப் போல்ட் என்றும் கிளட்சைக் கிளட்ச் என்றுமே எழுதுகிறேன். கடைக்குச் சென்று கேட்டால் கிடைக்க வேண்டும் அல்லவா?

முதலில் வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அது 1987ஆம் ஆண்டு வெளிவந்த டொயோட்டா ஹைலக்ஸ். டீசல் இயந்திரம், நான்கு சிலிண்டர், கொள்ளளவு 2,446 சி.சி. கையால் கியர் மாற்றும் வண்டி. கெடா மாநிலத்தில், கூலிம் வட்டாரத் தோட்டமொன்றில் வேலை செய்த எங்கள் தந்தையார், தோட்ட வேலையை விட்ட பின்னர் 1995ஆம் ஆண்டில் அதனைப் பழைய வண்டியாக வாங்கினார். பணத்தில் பெரும்பங்கு அண்ணனுடையது.

என் அண்ணன் என்னைவிட ஒன்பது வயது மூத்தவர். 1984ஆம் ஆண்டில் படிவம் மூன்றோடு பள்ளியை விட்டுவிட்டு, சீனர் ஒருவருடைய ஒர்க்‌ஷாப்பில் எடுபிடியாகச் சேர்ந்தார். படிப்பு வராமல் அவர் பள்ளியை விடவில்லை. வீட்டில் ஐந்து பிள்ளைகள், அம்மாவுக்கு நோய். யாராவது ஒருவர் சம்பாதிக்க வேண்டியிருந்தது. அந்தத் தவுக்கேயிடம் பதினான்கு ஆண்டுகள் வேலை செய்து, தொழில் கற்று, ‘போர்மேன்’ என்ற பெயரெடுத்துப் பின்னர் வீட்டின் பின்புறத்திலேயே தகரக் கொட்டகை போட்டுச் சொந்தமாகத் தொழில் தொடங்கினார். என் பேருந்துக் கட்டணமும் பாடநூலும் அவருடைய எண்ணெய்க் கறை படிந்த சம்பளத்திலிருந்து வந்தவை. 1999ஆம் ஆண்டில் சுங்கைப்பட்டாணியில் ஆசிரியர் பயிற்சிக்கு நான் சேர்ந்தபோது, என் தகரப் பெட்டியையும் பாயையும் ஏற்றிச் சென்றது இதே ஹைலக்ஸ்தான்.

தந்தையார் மறைந்த பின்னரும் அண்ணன் வண்டியை விற்கவில்லை. உதிரிப் பொருள் வாங்கப் போகவும், சுற்றுவட்டாரத்தில் நின்றுபோன வண்டிகளைப் பார்க்கப் போகவும் அதனையே ஓட்டி வந்தார். சென்ற ஆண்டு அது சூடேறத் தொடங்கியது. ரேடியேட்டரில் ஊற்றிய தண்ணீர் காரணமின்றிக் குறைந்தது. காலையில் முடுக்கும்போது வெண்புகை வந்தது. எண்ணெய் அளவுக் கோலை உருவிப் பார்த்தால் எண்ணெய் பால் கலந்த காப்பிபோல் இருந்தது. தண்ணீரும் எண்ணெயும் கலந்துவிட்டன என்பதற்கு அதுவே அடையாளம். சிலிண்டர் தலையைக் கழற்றிச் சோதிக்க வேண்டும். இத்தனை ஆண்டு உழைத்த இயந்திரம் என்பதால் பிஸ்டன் வளையங்களையும் பேரிங்குகளையும் ஒருசேர மாற்றிவிடலாம் என்று அண்ணன் முடிவெடுத்தார். அதற்கு இயந்திரம் முழுவதையும் வெளியே எடுத்தாக வேண்டும்.

அவசரத்திற்கு ஒரு காரணம் இருந்தது. அண்ணன் மகனுக்குத் தொழிற்சாலையில் இருந்த ஒப்பந்த வேலை அந்த மாதத்தோடு முடிவடைந்தது. மூன்று உணவகங்களுக்கு அதிகாலையில் காய்கறி ஏற்றிச் சென்று கொடுக்கும் வேலை அவனுக்குக் கிடைத்திருந்தது. சொந்த வண்டி இருக்க வேண்டும் என்பதே நிபந்தனை. புது வண்டிக்குக் கடன் கேட்டான். நிலையான சம்பளம் இல்லை என்று மறுத்துவிட்டார்கள். அடுத்த மாதம் முதல் தேதி அவன் வேலையைத் தொடங்க வேண்டும். கையில் இருந்தவை மூன்று வாரமும் ஓடாத ஹைலக்சும்தான்.

“ஹாப்கட் இஞ்சின் ஒன்ன வாங்கிப் போட்டுட்டா ரெண்டு நாள் வேலைதானே?” என்று உறவினர் ஒருவர் சொன்னார். ஜப்பானில் பாதியாக வெட்டப்பட்டு இங்கு வந்திறங்கும் பழைய வண்டிகளின் இயந்திரங்களைத்தான் அவ்வாறு சொல்வோம். அண்ணன் அதற்கு இணங்கவில்லை. வண்டியின் பதிவுப் பத்திரத்தில் இயந்திர எண் உள்ளது. இயந்திரத்தை மாற்றினால் சாலைப் போக்குவரத்துத் துறையிடம் அனுமதி பெற வேண்டும். சோதனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். அதற்குள் தேதி கடந்துவிடும். மேலும், அடிப்பகுதி இரும்பு நன்றாகவே உள்ளது என்பது அவருடைய கணிப்பு.

அண்ணனுக்கு இப்போது முழங்கால் வலி. வண்டிக்கு அடியில் படுத்து எழுவது கடினம். இனிப்பு நீர் வந்த பிறகு கண் பார்வையும் சற்று மங்கிவிட்டது. “லீவுதானே, மூனு நாளு வந்து நில்லுடா தம்பி” என்றார். அவர் என்னிடம் ஒன்றைக் கேட்டு வந்தது அதுதான் முதல் முறை.

முதல் நாள்

இயந்திரத்தைக் கழற்றுவது என்றால் பெரிய பெரிய போல்ட்டுகளைத் திருகுவது என்றுதான் பலரும் எண்ணுவோம். உண்மையில் முதல் நாள் முழுவதும் கழற்றுவதைவிடக் குறித்து வைப்பதிலேயே சென்றது.

மின்கலத்தின் எதிர்முனைக் கம்பியை முதலில் எடுத்தோம். ஸ்பேனர் தவறி உலோகத்தில் பட்டால் தீப்பொறி எழக்கூடும் என்பதால் இதுவே எப்போதும் முதல் வேலை. பின்னர் ரேடியேட்டர் தண்ணீரையும் எண்ணெயையும் தனித்தனி வாளிகளில் வடித்தோம். முன்மூடியைக் கழற்றுவதற்கு முன், அதன் கீல் இருக்கும் இடத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு வரையச் சொன்னார். திரும்பப் பொருத்தும்போது மூடி கோணலாக அமராமல் இருக்க அந்தக் கோடு வேண்டும்.

அடுத்து ரேடியேட்டர், காற்றாடி, காற்று வடிகட்டி. டீசல் வந்து போகும் குழாய்கள் இரண்டு. அவற்றைக் கழற்றியதும் வாயை அடைத்து நாடா சுற்றினோம். தூசு ஒரு துளி உள்ளே போனாலும் டீசல் பம்புக்குக் கேடு. ஆல்டர்னேட்டர் கம்பி, ஸ்டார்ட்டர் கம்பி, வெப்பமானிக் கம்பி, எண்ணெய் அழுத்தக் கம்பி, சிலிண்டர் தலையிலிருந்து வண்டி உடலுக்குச் செல்லும் பின்னல் கம்பி என ஒவ்வொன்றிற்கும் ஒட்டுத்தாளில் எண் எழுதி, அதே எண்ணைத் தாளிலும் எழுதி வைப்பது என் வேலை. போல்ட்டுகளைப் பழைய பால் டின்களில் இடத்திற்கேற்பப் பிரித்துப் போட்டோம். எழுத்து வேலை என்பதால் எனக்கு அது எளிதாக இருந்தது.

புகைக்குழாயை இயந்திரத்தோடு இணைக்கும் நட்டுகள் துருப்பிடித்து இறுகியிருந்தன. துருநீக்கும் எண்ணெயைத் தெளித்து ஒரு மணி நேரம் விட்டுவிட்டு, கால் சுற்று இளக்கு, அதில் பாதி இறுக்கு, மீண்டும் கால் சுற்று இளக்கு என்று அண்ணன் சொல்லிக்கொடுத்தார். ஒரே மூச்சில் இளக்க முயன்றால் தண்டு முறிந்துவிடும். முன்னும் பின்னுமாக அசைத்தால் மறைகளுக்கிடையே இருக்கும் துரு பொடிந்து உதிரும். மூன்று நட்டுகளுக்கு ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. ஒரு தண்டும் முறியவில்லை.

கிளட்சை இயக்கும் சிறு சிலிண்டரை அதன் குழாயைத் திறக்காமலேயே கழற்றி ஓரமாகக் கட்டித் தொங்கவிட்டோம். குழாயைத் திறந்தால் பிறகு காற்றை வெளியேற்றும் வேலையும் சேர்ந்துகொள்ளும். ஸ்டார்ட்டரும் வெளியே வந்தது. கியர்பாக்சின் அடியில் மரக்கட்டை வைத்து ஜேக் கொடுத்துத் தாங்கினோம். முன்சக்கரங்களைப் பலகைச் சரிவில் ஏற்றி நிறுத்தியிருந்ததால் அடியில் படுத்து வேலை செய்ய இடம் இருந்தது. அந்த வேலை முடிந்ததும் வண்டியைச் சமதரையில் இறக்கிவிட்டோம்.

இங்கே ஆசிரியர்களுக்கு ஒரு செய்தி. அறிவியல் பாடத்தில் எளிய எந்திரங்களைக் கற்பிக்கிறோம்: நெம்புகோல், கப்பி, சாய்தளம், ஆப்பு, திருகாணி, பற்சக்கரம், சக்கரமும் இருசும். படத்தைக் காட்டிப் பெயரை மனனம் செய்ய வைக்கிறோம். அந்த ஏழும் ஒரே கொட்டகையில், ஒரே வேலையில் ஒன்றன்பின் ஒன்றாக வருவதை நான் அன்று கண்டேன். ஏற்றி நிறுத்திய பலகை சாய்தளம். ஸ்பேனரின் பிடியில் மாட்டிய நீள்குழாய் நெம்புகோல். ஒவ்வொரு போல்ட்டும் திருகாணி. ஸ்க்ரூடிரைவரின் தடித்த பிடியும் மெல்லிய தண்டும் சக்கரமும் இருசும். உத்திரத்தில் தொங்கிய 1 டன் செயின் பிளாக்கின் உள்ளே கப்பியும் பற்சக்கரமும். ஏறத்தாழ 200 கிலோ எடையுள்ள இரும்பை, முழங்கால் வலி உள்ள ஒருவர் ஒற்றைக் கையால் சங்கிலியை இழுத்துத் தூக்கிவிட முடிகிறது. ஆப்பு ஒன்றுதான் மீதம் இருந்தது. அதுவும் மறுநாள் வந்து சேர்ந்தது.

இரண்டாம் நாள்

இயந்திரத்தையும் கியர்பாக்சையும் இணைக்கும் பகுதிக்கு ‘பெல் ஹவுசிங்’ என்று பெயர். மணி வடிவில் இருக்கும் அலுமினியக் கூடு அது. அதன் விளிம்பைச் சுற்றிலும் போல்ட்டுகள். கீழே உள்ளவற்றை எளிதாகக் கழற்றிவிட்டோம். மேலே உள்ளவை வண்டியின் தடுப்புச் சுவருக்கு அருகே கை நுழையாத இடத்தில் இருந்தன. அடியிலிருந்து மூன்று நீட்டுத் தண்டுகளை ஒன்றோடொன்று மாட்டி, கியர்பாக்சின் மேற்புறமாகச் செலுத்தித் திருகினோம். காலை பத்து மணிக்குள் எல்லாம் கழன்றன. இயந்திரத் தாங்கிகளின் நட்டுகளையும் எடுத்தாயிற்று. சங்கிலியைப் பூட்டி, இயந்திரத்தின் எடையைச் செயின் பிளாக் ஏற்கும் வரை மெல்லத் தூக்கினோம்.

இனி இயந்திரத்தைச் சற்று முன்னால் இழுத்தால், கியர்பாக்சின் தண்டு கிளட்சிலிருந்து உருவிக்கொண்டு வந்துவிட வேண்டும். பிறகு மேலே தூக்கிவிடலாம்.

வரவில்லை. அசைத்தோம். வரவில்லை. கடப்பாரையைக் கொடுத்து நெம்பினோம். அடிப்பக்கம் நூல் அளவு இடைவெளி தெரிந்தது, அவ்வளவுதான். நண்பகல் ஆயிற்று, உணவு முடிந்தது, மூன்று மணியும் ஆயிற்று. இயந்திரம் இருந்த இடத்திலேயே இருந்தது.

அண்ணனுக்குத் தெரிந்த மற்றொரு போர்மேன் அவ்வழியாக வந்தார். பார்த்துவிட்டு, “என்னோட லோரியில சங்கிலிய மாட்டி ஒரே இழு இழுத்துடலாம்ணே” என்றார். அண்ணன் மகனும் ஆவலோடு அண்ணனின் முகத்தைப் பார்த்தான். நாள்கள் குறைந்துகொண்டே வருகின்றன என்பது அவன் கவலை. அண்ணன் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்:

“வேணாம்பா. வரமாட்டேன்னு இஞ்சின் அடம் புடிக்காது. அதுக்கு என்ன மனசா இருக்கு? எதோ ஒன்னு புடிச்சிக்கிட்டிருக்கு. எதுன்னு தெரியாம இழுத்தா, புடிச்சிருக்கிறது விடாது; வேற ஒன்னு ஒடையும்.”

அது வெறும் தத்துவப் பேச்சன்று. லோரியில் கட்டி இழுத்திருந்தால் அலுமினியக் கூடு விரிசல் விட்டிருக்கும். அல்லது இயந்திரத்தின் எடை முழுவதும் அந்த ஒற்றைத் தண்டின்மீது ஏறி, கிளட்ச் தட்டு வளைந்திருக்கும். இவ்வளவு பழைய வண்டிக்கு அந்தக் கூட்டைத் தேடிப் பிடிப்பதற்குள் மூன்று வாரமும் முடிந்திருக்கும்.

வந்தவர் விடைபெற்றுச் சென்றதும் அண்ணன் என்னைப் பார்த்து, “ஒங்கிட்ட அடிக்கோல் இருக்குமே?” என்றார். இருந்தது. ஆசிரியன் பையில் அடிக்கோல் இல்லாமல் இருக்குமா? 30 செண்டிமீட்டர் நீளமுள்ள எஃகு அடிக்கோல்.

தாளில் ஒரு வட்டம் வரையச் சொன்னார். அதனைக் கடிகார முகம்போல் பன்னிரண்டாகப் பிரிக்கச் சொன்னார். பெல் ஹவுசிங்கின் விளிம்பைச் சுற்றி ஒவ்வொரு மணிக்குமுரிய இடத்தில் இடைவெளி எவ்வளவு இருக்கிறது என்று அளந்து எழுதச் சொன்னார். இழுப்பதை முற்றாக நிறுத்திவிட்டு ஒரு மணி நேரம் அளந்தோம். ஆறு மணிப் பக்கம் 4 மி.மீ.; நான்கு மணிப் பக்கம் 3; எட்டு மணிப் பக்கமும் ஏறக்குறைய அதே; மூன்று மணிப் பக்கம் 2; ஒன்பது மணிப் பக்கம் 1; பத்து மணிக்கும் பன்னிரண்டு மணிக்கும் இடையே அடிக்கோலின் முனைகூட நுழையவில்லை.

அண்ணன் தாளை வாங்கிக் கண்ணருகே வைத்துப் பார்த்தார். பதினோரு மணி இடத்தில் விரலை வைத்து, “இங்கதான் புடிச்சிருக்கு” என்றார்.

அந்த இடம் கண்ணுக்குத் தெரியாது, கையும் எட்டாது. என் கைப்பேசியில் விளக்கை எரியவிட்டு, ஒரு குச்சியில் கட்டி உள்ளே செலுத்திப் படம் எடுத்தோம். எல்லாம் கருஞ்சேறு. ஆண்டாண்டாக எண்ணெயும் தூசும் சேர்ந்து களிமண்போல் அப்பியிருந்தது. நீண்ட தூரிகையால் டீசலைத் தொட்டுத் தேய்த்துவிட்டு மீண்டும் படம் எடுத்தோம். மூன்றாவது படத்தில் ஒரு போல்ட்டின் தலை தெரிந்தது. மற்றவை எல்லாம் கியர்பாக்ஸ் பக்கத்திலிருந்து முன்னோக்கிப் போடப்பட்டவை. இது ஒன்று மட்டும் இயந்திரப் பக்கத்திலிருந்து பின்னோக்கிப் போடப்பட்டிருந்தது. நாங்கள் வாங்குவதற்கு முன்பு எந்தக் காலத்திலோ, எவரோ ஒரு கம்பித் தாங்கியைப் பிடிப்பிக்க அப்படி மாட்டியிருக்க வேண்டும்.

ஸ்பேனர் நுழையும் அளவுக்கு இயந்திரத்தைச் சற்றுத் தாழ்த்தி, அந்த ஒற்றைப் போல்ட்டைக் கழற்ற மாலை ஆறு மணியாயிற்று.

மூன்றாம் நாள்

போல்ட் போனதும் இயந்திரம் வந்துவிட்டது என்று எழுதினால் கதை அழகாக இருக்கும். ஆனால் அப்படி நிகழவில்லை. பெல் ஹவுசிங்கையும் இயந்திரத்தையும் ஒரே நேர்கோட்டில் பொருத்துவதற்காக ‘டவல் பின்’ எனப்படும் இரண்டு எஃகு முளைகள் உண்டு. இரும்பும் அலுமினியமும் பல்லாண்டுகள் ஈரத்தில் சேர்ந்திருந்தால் அந்த இடத்தில் அரிப்பு உண்டாகி இறுகிவிடும். இரவே அவ்விரு இடங்களிலும் துருநீக்கும் எண்ணெய் விட்டு வைத்திருந்தோம்.

காலையில் அண்ணன் இரண்டு மெல்லிய ஆப்புகளை எடுத்து வந்தார். இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. சுத்தியலால் ஓங்கி அடிக்கவில்லை. இப்பக்கம் இரண்டு தட்டு, அப்பக்கம் இரண்டு தட்டு. பிறகு அடிக்கோலால் அளவு. ஒரு பக்கம் கூடுதலாகத் திறந்தால் முளை கோணலாகி மேலும் இறுகிவிடும். இரு பக்கமும் சமமாகத் திறக்க வேண்டும். ஜேக்கை ஒரு நூல் உயர்த்தினார், மீண்டும் தட்டினார். “ரெண்டு பக்கமும் 5” என்று நான் சொன்னபோது, செயின் பிளாக்கில் தொங்கிய இயந்திரம் ‘டக்’கென்ற ஓசையோடு முன்னே நகர்ந்தது. நாங்கள் இழுக்கவே இல்லை.

அதன் பிறகு எல்லாம் அரை மணி நேர வேலை. கியர்பாக்சைக் கட்டையிலும் கயிற்றிலும் சட்டகத்தோடு கட்டி நிறுத்தினோம். இயந்திரத்தின் முன்பகுதியைச் சற்று உயர்த்தித் தூக்கினோம். செயின் பிளாக் உத்திரத்தில் நிலையாகத் தொங்குவதால் இயந்திரத்தை நகர்த்த முடியாது; ஆகவே வண்டியைத்தான் பின்னால் தள்ளினோம். தொங்கும் பாரத்தின்கீழ் ஒரு விநாடிகூட எவரும் கால் வைக்கக்கூடாது என்று அண்ணன் இருமுறை உரக்கச் சொன்னார். ஊரில் விரல் இழந்தவர்களையும் பாதம் நசுங்கியவர்களையும் அவர் பார்த்திருக்கிறார்.

இயந்திரம் கட்டையின்மேல் அமர்ந்தபோது, அண்ணன் அதன்மீது கையை வைத்துக்கொண்டு சிறிது நேரம் நின்றார். “அப்பா இத எடுத்துக்கிட்டு வந்த அன்னிக்கு நீதான் மொத மொத ஏறி ஒக்காந்த” என்றார். எனக்கு அது நினைவில் இல்லை. அவருக்கு இருந்தது.

சிலிண்டர் தலையில் விரிசல் காணப்பட்டது. வேறொரு தலை தேடி வாங்கி, வளையங்களும் பேரிங்குகளும் மாற்றி, முதல் தேதிக்கு இரண்டு நாள் முன்னதாக வண்டி ஓடியது. அண்ணன் மகன் இப்போது நாள்தோறும் அதிகாலை நான்கு மணிக்கு அதில்தான் காய்கறி ஏற்றிச் செல்கிறான்.

நிற்க.

பள்ளி திறந்தது. என் மூன்றாம் ஆண்டு வகுப்பிற்கு வேறு பள்ளியிலிருந்து மாறி வந்த மாணவன் ஒருவன் இருந்தான். கணிதத்தில் குறையில்லை. திடலில் அனைவருக்கும் முன்னே ஓடுவான். தமிழ் வாசிப்பு என்றால் மட்டும் வாயைத் திறக்கமாட்டான். இரண்டு சொல் வாசிப்பான், நிறுத்திவிடுவான், தலையைக் குனிந்துகொள்வான். அவனோடு வந்த குறிப்பில் ‘பிடிவாத குணம் உடையவன்’ என்று எழுதியிருந்தது. அவனுடைய தாயாரும் என்னிடம், “அடம் புடிக்கிறான் சார். அடிச்சிக்கூட பாத்துட்டேன்” என்றார். சொல்லும்போதே கண் கலங்கினார். மலாய்ப் பள்ளிக்கு மாற்றிவிடலாமா என்றும் கேட்டார். அண்ணன் சொன்னது அப்போது என் காதில் ஒலித்தது.

ஏறத்தாழ அறுபது சொற்கள் கொண்ட ஒரு பகுதியை இரண்டு படிகள் எடுத்தேன். ஒன்று அவன் கையில், மற்றொன்று என் கையில். ஓய்வு நேரத்தில், வேறு எவரும் இல்லாத நூலக மூலையில் அவனை வாசிக்கச் சொன்னேன். திருத்தவில்லை; எடுத்துக் கொடுக்கவில்லை; அவசரப்படுத்தவில்லை. அவன் எந்த எழுத்தில் நிற்கிறானோ அந்த எழுத்தின்கீழ் மட்டும் பென்சிலால் ஒரு கோடு போட்டேன். இப்படி மூன்று நாள், மூன்று வெவ்வேறு பகுதிகள்.

மூன்று தாள்களையும் மேசையில் வரிசையாக வைத்துப் பார்த்தபோது, அவன் எல்லா இடத்திலும் நிற்கவில்லை என்பது தெளிவாயிற்று. ‘மரம்’, ‘பட்டம்’, ‘விளக்கு’, ‘நாற்காலி’, ‘கூடு’ ஆகியவற்றைத் தடையின்றிக் கடந்திருந்தான். ‘செடி’யில் நின்றான். ‘தேன்’, ‘பை’, ‘கொடி’, ‘தோட்டம்’ ஆகியவற்றில் நின்றான். கோடுகளுள் பெரும்பாலானவை ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் இணைக்கொம்பும் வந்த இடங்களிலேயே விழுந்திருந்தன.

காரணத்தைச் சற்று எண்ணிப் பாருங்கள். கொம்பு எழுத்துகளில் கண் முதலில் காண்பது உயிர்க்குறியை. வாய் முதலில் ஒலிக்க வேண்டியதோ மெய்யை. எழுதியிருக்கும் வரிசை ஒன்று, ஒலிக்கும் வரிசை வேறொன்று. நம் பிள்ளைகள் ரூமி எழுத்தையும் தமிழெழுத்தையும் ஒரே காலத்தில் கற்கிறார்கள். ரூமியில் மெய்யெழுத்து முதலில் நிற்கும், உயிரெழுத்து அடுத்து நிற்கும். இடமிருந்து வலமாக வரிசை மாறாமல் ஒலித்துச் செல்லலாம். அந்த வழக்கத்தை அப்படியே தமிழுக்குக் கொண்டுவரும் பிள்ளை, ‘ெ’ என்னும் குறியைக் கண்டதும் அதை எப்படி ஒலிப்பது என்று தெரியாமல் நின்றுவிடுகிறது. ‘கொ’, ‘கோ’ போன்றவற்றில் எழுத்தின் இரு பக்கமும் குறி இருப்பதால் குழப்பம் இரட்டிப்பாகிறது. மற்ற போல்ட்டுகளெல்லாம் ஒரு பக்கமிருந்து போடப்பட்டிருக்க, இது ஒன்று மட்டும் எதிர்ப்பக்கமிருந்து போடப்பட்ட போல்ட்.

அவனுக்கென நான் செய்தவை மிக எளியவை. கொம்பையும் அதனையடுத்த எழுத்தையும் ஒரே அட்டையில், ஒரே வண்ணத்தில் எழுதினேன்; இரண்டும் சேர்ந்து ஓர் எழுத்து என்பது கண்ணுக்குப் படவேண்டும் என்பதற்காக. கொம்பு வந்தால் விரலை அடுத்த எழுத்தின்மீது வைத்து, முதலில் அதனை உச்சரிக்கப் பழக்கினேன். ‘க, கெ, கே, கை’ என்று ஒரு மெய்வரிசையை மட்டும் எடுத்து நாள்தோறும் பத்து நிமிடம். இரண்டாம் வாரத்தில் ‘கொ, கோ’. இரு பக்கமும் சமமாகத் திறக்க வேண்டும் என்பதால், அன்றன்றைய அட்டைகளைத் தாயாரிடமும் கொடுத்தனுப்பினேன். வீட்டில் அடிக்க வேண்டா, பத்து நிமிடம் உடன் அமர்ந்தால் போதும் என்று கேட்டுக்கொண்டேன். அவரும் அமர்ந்தார்.

ஆறு வாரம் கடந்தது. அவன் இப்போது சரளமாக வாசிக்கிறான் என்று சொல்லமாட்டேன். மெதுவாகத்தான் வாசிக்கிறான். ஆயினும் ஒரு பத்தியைத் தொடங்கினால் முடிக்கிறான். ‘தேனீ’ என்னும் சொல்லில் ஒரு கணம் நின்று, விரலை நகர்த்தி, வாசித்துவிட்டுத் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தான். மலாய்ப் பள்ளிக்கு மாற்றும் பேச்சை அவன் தாயார் அதன்பின் எடுக்கவில்லை.

எல்லாப் பிள்ளைகளுக்கும் கொம்புதான் தடை என்று நான் சொல்ல வரவில்லை. ஒரு பிள்ளைக்குக் கண்பார்வை, ஒரு பிள்ளைக்குக் காது, ஒரு பிள்ளைக்கு ஓயாத வீட்டுச் சண்டை, ஒரு பிள்ளைக்குக் காலையில் உண்ணாத வயிறு. தடை எதுவாகவும் இருக்கலாம். இடம் தெரியும்வரை இழுக்க வேண்டா என்பதே என் வேண்டுகோள். வாசிக்கத் தயங்கும் பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், மூன்று நாள் மட்டும் திருத்தாமல் கேளுங்கள். நிற்கும் இடத்தில் ஒரு கோடு போடுங்கள். அந்தத் தாளை ஆசிரியரிடம் கொடுங்கள். ‘படிக்கமாட்டேன் என்கிறான்’ என்ற முறையீட்டைவிட அந்தத் தாள் எங்களுக்குப் பன்மடங்கு உதவும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தலைமையாசிரியரின் அனுமதியைப் பெற்று, சென்ற மாதம் அண்ணனை எங்கள் பள்ளிக்கு அழைத்தேன். ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு எளிய எந்திரங்களைப் பற்றிப் பேச வேண்டும் என்று கேட்டேன். “நான் என்னடா பேசறது, படிவம் மூனு படிச்சவன்” என்று இரண்டு வாரம் தட்டிக் கழித்தார். பிறகு சலவைச் சட்டை அணிந்து, பால் டின் ஒன்றில் அந்த எதிர்ப்பக்கத்துப் போல்ட்டையும் இரண்டு ஆப்புகளையும் போட்டுக்கொண்டு வந்தார். வெண்பலகையில் கடிகார வட்டத்தை வரைந்து, எண்களை எழுதி, “எங்க புடிச்சிருக்குன்னு நீங்க சொல்லுங்க பாப்போம்” என்றார். ஏறக்குறைய பாதி வகுப்பு பதினோரு மணிப் பக்கத்தைக் காட்டியது. முப்பது நிமிடத்திற்கு அழைத்தோம். ஒரு மணி நேரம் பேசினார். மாணவர்கள் ஆப்பைக் கையில் வாங்கிப் பார்த்தார்கள். கணிதத்தில் பின்தங்கிய மாணவி ஒருத்தி, செயின் பிளாக்கில் சங்கிலியை எவ்வளவு நீளம் இழுத்தால் இயந்திரம் எவ்வளவு உயரும் என்று கேட்டாள். அது பாடநூலில் இல்லாத வினா. ஆனால் பாடத்தின் மையமான வினா.

நம் தமிழ்ப்பள்ளிகளின் பெற்றோர் பட்டியலில் இத்தகைய கைகள் ஏராளம். வண்டி பழுதுபார்ப்பவர், கம்பி இணைப்பவர், தையல் தைப்பவர், பூக்கட்டுபவர், கட்டடம் கட்டுபவர். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்திற்கு அவர்கள் வருவார்கள். பின் வரிசையில் அமர்வார்கள். பேசாமல் திரும்பிச் செல்வார்கள். ஆண்டுக்கு ஒரு முறையேனும் அவர்களை வகுப்பின் முன் நிறுத்துங்கள், ஆசிரியர்களே. அழைத்தால் மறுக்காதீர்கள், பெற்றோர்களே. உங்கள் பிள்ளை உங்கள் தொழிலைத் தொடர வேண்டும் என்பதற்காக நான் இதைச் சொல்லவில்லை. தன் தந்தையும் தாயும் அறிந்திருப்பது அறிவுதான் என்பதைப் பிள்ளை தன் வகுப்பறையிலேயே ஒரு முறை காண வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.